கண்டக்டர் வீட்டுக் கான்கிரீட்

அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கேட்டிலிருந்து கார் ஷெட் வரை போகும் பழைய கான்கிரீட் பாதைக்கு அடியில் தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தது. கசியும் இடத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். மேற்பார்வைக்குப் போனவன் நான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. "வாங்க இன்ஜினியர் தம்பி" என்று அவர் அழைத்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. செங்கல் துண்டால் ஒரு கட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை கட்டர் மெஷின்காரர் சிரித்தார். "சார், உங்க கட்டம் விடியறதுக்குள்ள குட்டி போட்டிருக்கு!"

கோடு கேட் வரை நீண்டிருந்தது.

"மழையில அழிஞ்சுபோச்சு, நான்தான் திரும்பப் போட்டேன்" என்றார் கண்டக்டர்.

"மழையா? எங்க பக்கம் ஒரு சொட்டுகூட இல்லையே ஐயா" என்றார் மெஷின்காரர்.

"எங்க ஸ்டாப்புல மட்டும் பெஞ்சுது."

மெஷின்காரர் தண்ணீர் பிடிக்கப் போனதும் கண்டக்டர் என்னருகே வந்தார். "பெரிசா வெட்டினா நாலஞ்சு நாள் வருவீங்கல்ல?"

வராந்தாவில் மூன்று நாற்காலிகளைத் துடைத்துப் போட்டிருந்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளியூரில். எனக்குப் புரிந்தது. ஆனாலும் நல்ல கான்கிரீட்டை எப்படி உடைப்பது? ஈரத்துணியால் அவர் போட்ட கோட்டைத் துடைத்தேன்.

மெஷின் ஓடத் தொடங்கியது. அந்த இரைச்சலிலும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். கை டிக்கெட் கிழித்தது, வாய் விசில் ஊதியது. ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. காதை அடைத்துக்கொண்டிருந்த மெஷின்காரர் அவ்வப்போது தலையாட்டினார். மெஷின் நின்றதும் கண்டக்டரும் பேச்சை நிறுத்திவிட்டார்.

துண்டைப் பெயர்த்து, குழாயை மாற்றி, புதுக் கான்கிரீட் போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆனது. "ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைங்க ஐயா, காயவிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

நெடுநாள் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவில் போனேன். கேட் திறந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து சாக்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"போதும் ஐயா, அது என்னைக்கோ இறுகிடுச்சே!"

"தெரியும் தம்பி." இன்னொரு குவளை ஊற்றினார். "யாராவது வந்து போதும்னு சொல்றவரைக்கும் ஊத்தலாம்னு இருந்தேன்."