டிவிக்குத் தெரியாத வைஃபை

மகள் வெளிநாட்டில் பட்டம் வாங்குவதை இன்று மாலை நான்கு மணிக்கு நேரலையில் காட்டினார்கள். அதைப் பார்க்கவே வாங்கிய புது டிவி, மூன்றரை மணி வரை எங்கள் வீட்டு வைஃபையில் சேரவில்லை.

தெருவில் உள்ள எல்லா வீட்டு வைஃபை பெயரும் திரையில் வந்தது. எங்களுடையது மட்டும் வரவில்லை. ரவுட்டரை நான்கு முறை அணைத்துப் போட்டேன். பிறகு டிவியைத் திட்டினேன்.

சத்தம் கேட்டு, பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் வந்து நின்றார். என் கூடப் பிறந்தவர்தான். மூன்று வருடமாகப் பேச்சில்லை. கண்மாயிலிருந்து என் வயலுக்கு வர வேண்டிய தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டவர்.

"ஏலே, பேரை நீ மறைச்சு வச்சுட்டு டிவியை ஏன் வையிற?"

உண்மைதான். தண்ணீருக்குப் பதிலடியாக, அவர் போனில் எங்கள் வைஃபை தெரியவே கூடாது என்று அதன் பெயரை மறைத்தவன் நான். அதை மறந்தே போனேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்ணே?"

"என் போன்ல காணாமப் போன அன்னைக்கே தெரியும். சீக்கிரம் அந்த மறைப்பை எடுத்து விடு, புள்ள பட்டம் வாங்குறத நானும் பாக்கணும்ல."

எடுத்துவிட்டேன். டிவி சேர்ந்தது. கூடவே அண்ணன் சட்டைப்பையில் இருந்த போனும் தானாகச் சேர்ந்தது. பெயரை மறைத்தேனே தவிர, பாஸ்வேர்டை நான் மாற்றியிருக்கவில்லை.

மகள் மேடையேறியதும் முதலில் கை தட்டியவர் அண்ணன். அதிலும் முந்திக்கொண்டார்.

தண்ணீர் விஷயத்தை நான் மறக்கவில்லை. பாஸ்வேர்டு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இது பெருந்தன்மையா, சோம்பலா? நீங்களே சொல்லுங்கள்.