வாய் மூடி ஒரு மணி நேரம்

"டீச்சர், வாய மூடுங்க!"

கதவருகே நின்றபடியேதான் ஜெமிமா கத்தினாள். கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டாகிவிட்டது, இனி அந்த அம்மாளின் உடம்பிலிருந்தே கதிர் வீசும். கிட்டே போகக் கூடாது. பதினான்கு வருஷமாக நோயாளிகளிடம் தள்ளி நின்று கத்தியதில், கல்யாண வீட்டிலும் அவளுக்கு இதே தொண்டைதான்.

பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுக்கிறவள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், "ஒண்ணும் சாப்பிடலம்மா, ரெண்டே ரெண்டு இட்லி" என்பார்கள். "அப்ப இட்லி என்ன, காத்தா?" என்று நெற்றியில் அடித்துக்கொள்வாள்.

பாக்கியவதி டீச்சர் பட்டினியாகத்தான் வந்திருந்தார். களக்காட்டில் முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். குரல்வளைக் கட்டிக்கு சிகிச்சை முடிந்து ஆறு மாதம். கட்டி திரும்பியிருந்தால் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். மருந்து, உடம்பில் உழைக்கிற இடத்தைத் தேடிப் போகும். பேசினால் படத்தில் தொண்டை விளக்குப் போல எரியும். கட்டி எது, பேச்சு எது என்று தெரியாது. ஒரு மணி நேரம் பேசக் கூடாதென்று ஜெமிமா மூன்று தடவை சொல்லியிருந்தாள்.

போர்வைக்குள்ளிருந்து கரகரத்த குரல் வந்துகொண்டேயிருந்தது. பஹ்ரைனில் மகள், மருமகனின் முதுகு, பக்கத்து வீட்டு சுபைதா பேகத்தின் கண், பேரன் கிங்ஸ்டனின் பரீட்சை.

"நான் எங்க பேசுதேன்? ஜெபம்லா பண்ணுதேன்."

"மனசுக்குள்ள பண்ணுங்க."

"சத்தமில்லாம ஜெபிச்சுப் பழக்கமில்லையே, பிள்ள."

ஜெமிமாவும் டீச்சரின் சபைதான். ஆனால் கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னால் செருப்பைத் தேடுகிறவள்.

படத்தில் தொண்டை பளீரென்று எரிந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வெளியூரிலிருந்து காரில் வரும் மருந்து; இரண்டு மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடும், எடுத்துவைக்க முடியாது. "நாளைக்கும் பட்டினியா வாங்க. என் உசுர வாங்கணும்னே வருதிய எல்லாரும்" என்றாள் ஜெமிமா.

மறுநாள் டீச்சர் வந்தார். ஊசி போட்டதும் ஜெமிமா வெளியே போய்க் கதவைச் சாத்தி மைக்கை அழுத்தினாள். "நீங்க வாயத் தொறக்காதிய. நான் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க." பஹ்ரைன், முதுகு, கண், கடைசியில் தொண்டை. இட்லி தின்றவர்களைத் திட்டுகிற அதே குரல். ஆமென்.

அறைக் கேமராவில் டீச்சரின் ஒரு விரல் உயர்ந்தது. ஜெமிமா பல்லைக் கடித்துக்கொண்டு கிங்ஸ்டனின் பரீட்சையையும் சேர்த்தாள்.

படத்தில் தொண்டை இருட்டாக இருந்தது. முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போன டீச்சரைப் பார்த்து, ஜெமிமா தூரத்திலிருந்தே கத்தினாள்:

"இனி பேசலாம், டீச்சர்!"