அப்பா சொன்ன கடைசி ரீல்

அக்காவுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததும் எஸ்டேட்டில் காப்பிப் பறிப்பு முடிந்ததும் ஒரே மாதத்தில். எழுபதுகளின் பிற்பாதி அது. சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைக்குப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அப்பா கணக்கெழுதும் ரைட்டர். அக்காவுக்கு இருபது வயது, டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அம்மா ஒரு பாட்டம் அழுதுவிட்டு டிரங்குப் பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தாள். அப்பா மூன்று முறை அடித்துத் திருத்தி, பெண்கள் விடுதி ஒன்றுக்குக் கடிதம் போட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது. அக்காவின் தாவணி இரண்டு எனக்கு வரும் என்பதே என் பெரிய யோசனை.

அப்பா சாயங்காலம் பறித்த காப்பிப் பழத்தை எடை போடும்போது, கூடையோடு நிற்கும் பெண்களுக்குச் சினிமாக் கதை சொல்வார். சேலம் போனால் படம் பார்க்காமல் மலையேற மாட்டார். ஒரு படத்தை ஒரு வாரம் இழுப்பார். கதை ஓடுகிறவரை வரிசையில் தள்ளுமுள்ளு கிடையாது. ஆனால் அவர் கதையில் கடைசியில் யாராவது செத்தாக வேண்டும். படம் கல்யாணத்தில் முடிந்திருந்தால் மாப்பிள்ளையின் தாயாரையாவது மணமேடையில் மாரடைப்பில் சாகடித்துவிடுவார். கேட்கிறவர்கள் மூக்கைச் சிந்தினால்தான் அவருக்குத் திருப்தி.

பறிப்பு முடிந்தால் எஸ்டேட் செலவில் ஒரு படம் போடுவது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காப்பி மூட்டை அடுக்கும் ஸ்டோரின் ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கி, வேட்டியைத் திரையாக்கினார்கள். சேலத்திலிருந்து மெஷினும் படப்பெட்டிகளும் வந்தன. கடைசிப் பெட்டி மட்டும் அடுத்த பஸ்ஸில் வரும் என்றார்கள்.

சென்னையில் ஒரே விடுதி அறையில் தங்கி வேலைக்குப் போகும் மூன்று பெண்களின் கதை. ஒருத்தி டைப்பிஸ்ட், ஒருத்தி ஜவுளிக்கடையில், ஒருத்தி டெலிபோன் ஆபரேட்டர். ஆபரேட்டர் என்றதும் எல்லோரும் திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் பெருமை. அந்தப் பெண்ணைத்தான் ஆபீசர் ஒருவன் ஆசை காட்டி ஏமாற்றினான். அவள் கடற்கரையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள். அதோடு பெட்டி தீர்ந்து வேட்டி வெள்ளையாக நின்றது. கடைசிப் பெட்டியைக் கொண்டுவந்த பஸ் மலைப்பாதை வளைவில் பழுதாகி நின்றுவிட்டதாம். மெஷின்காரர் மெஷினைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை பேரும் அப்பாவைத்தான் பார்த்தார்கள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, அப்பறம் அந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க?"

அப்பா அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. "தெரியாதுங்க" என்று சொல்லியிருக்கலாம். அத்தனை முகங்கள் ஏங்கிக் கிடக்கும்போது தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. எடை மேடை மேல் ஏறி நின்றுகொண்டார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, கடல் கொண்டுபோய்விட்டது. மறுநாள் அவளுடைய அப்பா ஊரிலிருந்து காப்பித்தூள் பொட்டலத்தோடு விடுதி வாசலில் வந்து நிற்கிறார். கடற்கரைக்கு ஓடிப்போய் மணலில் கிடந்த செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். இதைச் சொல்லும்போது அப்பாவே தேம்பிவிட்டார். ஸ்டோரே அழுதது. நானும்தான் அழுதேன். அக்கா மட்டும் அழாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் பறிப்புக்காரப் பெண்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "நம்ம புள்ளைய அனுப்பி வெக்காதீங்க சாமி. நொம்ப பயமா இருக்குதுங்க." அப்பா சிரித்து மழுப்பினார். அடுத்த நாளும் வந்தார்கள். தானே கட்டிய கதை என்று இத்தனை வருஷம் தன்னை நம்பியவர்களிடம் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. அதைவிடக் கேடு, தன் கதையை அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார். வாசலில் கிடக்கும் அக்காவின் செருப்பைக் கண்டால் சட்டென்று எடுத்து உள்ளே வைப்பார்.

முடிவு தெரிந்தால் போதும் என்று அக்கா என்னை ஒண்டிக்கடைக் கடைத்தெருவுக்கு அனுப்பி அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகம் வாங்கி வரச் சொன்னாள். அதில் இருந்த கதைச்சுருக்கம் அதே கடற்கரையில் நின்று, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்றது. எனக்கு அதைக் கிழித்து அடுப்பில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

பத்தாம் நாள் அப்பா சொன்னார், "வேண்டாம் கண்ணு."

"ஏனுங்கப்பா, அது நீங்களாக் கட்டுன கதைதானுங்களே?"

அப்பா வாசலில் கிடந்த அவள் செருப்பை எடுத்து உள்ளே வைத்தார். கெடு முடிந்தது. அந்த ஆவணியிலேயே டிரங்குப் பெட்டி அக்காவோடு சேலத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போயிற்று. சில வருஷம் கழித்து நான் சேலத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனபோது அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்பா ஓய்வு பெற்றுக் கிளியூரில் இருந்தபோது வீட்டுக்கு டி.வி. வந்தது. ஒரு கோடை விடுமுறையில் அக்கா குழந்தைகளோடு வந்திருந்தாள், நானும் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் படமாக அதே படம் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. கடற்கரை வந்தது. செருப்பு வந்தது. அறைத்தோழிகள் இருவரும் மூச்சிரைக்க ஓடிவந்து அவளைத் தண்ணீரிலிருந்து இழுத்து, கன்னத்தில் ஒன்று வைத்து, கட்டிக்கொண்டு அழுதார்கள். மறுநாள் காலை அவள் தலைசீவிப் பொட்டு வைத்து, ஆபீசில் தன் நாற்காலியில் உட்கார்ந்து, "நம்பர் ப்ளீஸ்" என்றாள். படம் முடிந்தது.

அப்பா தலை குனிந்தபடியே, "நாந்தான் கண்ணு அவளச் சாவடிச்சுப் போட்டேன்" என்றார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவ சாவலீங்கன்னு எனக்குத் தெரியுமுங்கப்பா. கண்ணாலமான வருசமே சேலத்துல பாத்துட்டேனுங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. சமையலறைக்கு அவள் பின்னாலேயே போய்ச் சண்டைக்கு நின்றேன். இத்தனை வருஷம் ஏன் வாயைத் திறக்கவில்லை?

"சொன்னா அப்பா அழுவாரு. என்ற வேலை திரும்பி வந்துருமாக்கும்?" பாலை இறக்கி வைத்தாள். "நாலு தடவ போய்ப் பாத்தேன் கண்ணு. கடசீல அவ மறுபடியும் வேலைக்குப் போறா பாரு, அதுக்கோசரம்."

அப்புறம் சர்க்கரை குறைத்துப் போட்ட காப்பியை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள்.