ஆசைக்கு ரெண்டு மார்க் கம்மி

உங்க வீட்ல யாராச்சும் ஆசைக்கு ரீவேல்யுவேஷன் கேட்டிருக்காங்களா? எங்கப்பா கேட்டாரு.

நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். எந்த வேலை யாருக்குப் பிடிக்கும்னு கண்டுபிடிக்க காலேஜ்ல ஒரு டெஸ்ட் வெச்சாங்க. மெஷின் கழட்டப் பிடிக்குமா, சின்னப் பசங்களுக்குப் பாடம் சொல்லித்தரப் பிடிக்குமா, ஃபைல் அடுக்கப் பிடிக்குமான்னு வரிசையா கேள்வி. பிடிக்கும்னா டிக், அவ்ளோதான். ரிசல்ட் பார்த்தா, சொல்லித்தர்ற வேலைக்கு முப்பத்தாறு, மெஷின் வேலைக்கு முப்பத்திநாலு.

வீட்ல எழவு விழுந்த மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அதே வாரம்தான் கேம்பஸ்ல செலக்ட் ஆகி, ஓசூர் கம்பெனி ஒண்ணுல இருந்து ஆஃபர் லெட்டர் வந்திருந்துச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சைன் பண்ணணும். அம்மா தனக்குத் தெரிஞ்ச அரைகுறை கன்னடத்துல பக்கத்து வீட்டு கன்னடக்கார ஆன்ட்டி வரைக்கும் சொல்லி முடிச்சாச்சு. இப்போ பேப்பர் என்னடான்னா என்னை டீச்சராப் போங்குது. பி.எட் ஃபீஸ் எவ்ளோன்னு அம்மா விசாரிக்கவே ஆரம்பிச்சுட்டாங்க.

அப்பா ஒரு நாள் லீவு போட்டு, சட்டையை அயர்ன் பண்ணி, நேரா காலேஜுக்கு வந்துட்டாரு. ரெண்டு மார்க்தான் கம்மி, இன்னொரு தடவை திருத்திப் பாருங்கன்னு பிளேஸ்மென்ட் மேடம்கிட்ட கேக்குறாரு. நான் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன். மேடம் சிரிப்பை அடக்கிக்கிட்டு, இதுல சரி தப்பே கிடையாது சார், ரெண்டு பாயின்ட்டெல்லாம் ஒரு வித்தியாசமே இல்ல, நாளைக்கு எழுதுனா மாறிடும்னாங்க.

அங்கதான் வினை. அப்பாவுக்கு ஃபேக்டரில குவாலிட்டி செக்கிங் வேலை. ஒரு பீஸை மூணு தடவை அளக்காம விடமாட்டாரு. என்னையும் மூணு நாள், காலைல டிபனுக்கு முன்னாடி, அதே டெஸ்ட்டை எழுத வெச்சாரு. மொத நாள் மெஷினுக்கு ஜாஸ்தி. ரெண்டாம் நாள் ரெண்டும் சமம். மூணாம் நாள் அம்மாவோட மிக்ஸியைக் கழட்டி மாட்டத் தெரியாம திட்டு வாங்கின கடுப்புல எழுதுனேன், திரும்பவும் டீச்சர்.

எல்லாத்தையும் நோட்டுல எழுதிப் பார்த்துட்டு அப்பா சொன்னாரு: "அளக்குறதுதான் ஆடுதும்மா. ரெண்டுமே ஓகே பீஸ்."

"அப்ப நான் எதுக்குப்பா போறது?"

"அது இதுல வராது போல."

மூணு நாள் பட்டினி போட்டுட்டு சொல்ற பதிலான்னு நோட்டைப் புடுங்குனேன். அப்பதான் கடைசி வரி கண்ணுல பட்டுச்சு. ஃபைல், ரெஜிஸ்டர் வேலைக்கு நாலு தடவையும் எட்டு, ஒம்போது, எட்டு, ஏழு. மேல ஆடுற ரெண்டு பாயின்ட்டுக்கு வீடே அடிச்சுக்கிச்சு, அடியில அசையாம கிடந்ததை ஒருத்தரும் பாக்கல. முப்பத்திநாலு எங்க, எட்டு எங்க.

அப்ப ஓசூர்ல எனக்கு என்ன வேலைன்னு ஒரு சந்தேகம். போய் ஆஃபர் லெட்டரை எடுத்தேன். சம்பளத்தைத் தவிர அதுல எதையும் நாங்க படிக்கவே இல்ல. ரெண்டாவது பக்கத்துல இருக்கு: ஸ்டோர்ஸ்ல டிரெய்னி. வர்ற சாமான், போற சாமான் எல்லாத்தையும் ரெஜிஸ்டர்ல ஏத்தணும். மெஷின் பக்கம் எட்டிப் பாக்குற வேலைகூட இல்ல.

அப்பாகிட்ட நீட்டுனேன். ரெண்டு தடவை படிச்சாரு. கண்ணாடியைத் துடைச்சுட்டு மூணாவது தடவை படிச்சாரு.

"இது ரிஜெக்ட்டும்மா"ன்னாரு. அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியை நெனச்சு தலைல கை வெச்சுக்கிட்டாங்க.

புரொடக்ஷன்ல எடம் இருக்கான்னு கேட்டு கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கேன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மணி நாலே கால், பதில் வரல, லெட்டர்ல நான் சைன் பண்ணல.