நான் கேட்காத குரல்

புதுவிதமான, பரிசோதனைப் பாணி இசைத்தொகுப்புகளைப் பற்றி முகநூலில் எழுதுவது என் பழக்கம். ஒன்றைக் கேட்கும்போதே மனம் அடுத்ததற்குப் பறக்கும். போன வருடம், கோப்பாயில் ஒரு பெண் தனியாகச் செய்த தொகுப்பைப் பற்றி, "எட்டுப் பாட்டும் இயந்திர இரைச்சல். ஒரு மனிதக் குரல்கூட இல்லை" என்று எழுதினேன். பலர் சிரித்துப் பகிர்ந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, மருதனார்மடத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு பெண் அருகில் வந்தார்.

"அண்ணை, நீங்கள்தானே என்ரை பாட்டுகளைப் பற்றி எழுதினது?"

"ஓம்."

"கடைசிப் பாட்டிலை பாதிக்குப் பிறகு நான் பாடுறன். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

அவர் முகத்தில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. பொய் சொல்லித் தப்பலாமா என்று தவித்தேன்.

"இல்லைத் தங்கச்சி. ஒவ்வொண்டிலையும் ஒரு நிமிசந்தான் கேட்டனான்."

"அப்பாடா! ஒலிப்பதிவிலைதான் பிழையோ எண்டு ஒரு மாசமாத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பாத்தனான்."

அன்றே முழுவதையும் கேட்டேன். முகநூலில் என் பழைய பதிவை நீக்கி, நடந்ததை அப்படியே எழுதினேன். இரண்டு பாட்டுகள் பிடிக்கவில்லை என்று அவருக்கும் எழுதினேன். "இப்ப சரி அண்ணை" என்று பதில் வந்தது.

அவர் மன்னித்துவிட்டார். தன் காதையே நம்பாமல் அவர் கழித்த அந்த மாதத்தை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.