எங்கள் வயலை உழுதவன்

திருவாரூரில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் பல வருடம் குடியிருந்தோம். நான் பள்ளி ஆசிரியன். அவன் அரிசி ஆலையில் லாரி ஓட்டினான். "தங்கமான பசங்க, ஒரு பொம்பள வாடை கெடையாது" என்று வீட்டுக்காரர் தெருவெல்லாம் புகழ்ந்தார். தன் சொந்த மகன்களுக்குக்கூட அவர் அப்படியொரு நற்சான்றிதழ் தந்ததில்லை. எங்களுக்குள் இருந்தது காதல் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தச் சொல் சினிமாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வலங்கைமான் பக்கம் எங்கள் ஊருக்கு அவனை அழைத்துப்போவேன். அம்மா மீன்குழம்பு வைப்பாள். அவன் தலை நிமிராமல் சாப்பிடுவான். கூச்சம் என்று நினைத்தேன். காதலிப்பவனின் மூளை அவ்வளவுதான்.

அப்பா இறந்த கதையை அவனிடம் சொல்லியிருந்தேன். நாங்கள் குத்தகைக்குச் செய்த வயலை விடச் சொன்னார் பண்ணையார். அப்பா சங்கத்தில் சேர்ந்து மறுத்தார். கதிர் வரும் நேரத்தில், நின்ற பயிரை டிராக்டர் விட்டு உழச் சொன்னார் பண்ணையார். குறுக்கே போன அப்பாவுக்கு இடுப்பு முறிந்தது; படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். உழுபவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். எங்கள் வயலை உழுதது பண்ணையாரின் டிராக்டர் என்பதால் நிலம் முறைப்படி அவருக்கே போயிற்று. ஆட்சி மாறியதும் அவர் துண்டின் கரையை மாற்றிக்கொண்டார். வழக்கு காணாமல் போனது. டிராக்டர் ஓட்டியவன் முகத்தை மூடிய வெளியூர்க்காரன் என்பதோடு பேச்சு நின்றது.

ஒரு மாலை அவன் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனான்.

"ஊர்ல பொண்ணு பாத்துட்டாங்க. வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அன்னிக்கு ஒங்க வயல்ல வண்டி ஓட்டுனது நான்தான். பிரேக் புடிச்சேன். சேத்துல நிக்கல."

நான் பேசாமல் எழுந்து பஸ் ஏறி அம்மாவிடம் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தெரியும்டா" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மொத நாள் சோறு போட்டப்பவே. அன்னிக்கு ஓடிப்போயி ஒங்கப்பாவ தூக்குனான், மூஞ்சித் துணி அவுந்துபோச்சு. பண்ணை ஆளுங்க இழுத்துட்டுப் போறவரைக்கும் அழுதான். சின்னப் பய."

"ஏம்மா கேக்கல?"

"கேட்டா வரமாட்டான். அவன் வந்தாதான் நீ சிரிக்கிற. போ, கூட்டிட்டு வா."

அறையில் அவன் பெட்டி இல்லை. என் மௌனத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போய்விட்டான். விலாசம் தேடி அவன் ஊரான பேராவூரணி போய்ச் சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. தென்னந்தோப்பில் கல்யாணப் பந்தல். புரோகிதர் இல்லாத சீர்திருத்தத் திருமணம். பெண் வீட்டார் தலைமை தாங்க அழைத்திருந்த பெரும்புள்ளி, அதே பண்ணையார். இல்லறத்தில் ஒளிவுமறைவு கூடாது என்று வெகுநேரம் அறிவுரை சொன்னார்.

மேடையேறி அவன் காதருகே சொன்னேன்: "அம்மாவுக்கு மொதல்லேர்ந்தே தெரியுமாம். சாப்புட வரச் சொன்னா."

அவன் முகம் கோணிப்போயிற்று. போட்டோக்காரர், "மாப்ள, கொஞ்சம் சிரிங்க" என்றார்.

அவன் வரவேயில்லை. மறு கோடையில் லாரி கவிழ்ந்து இறந்தான். கூடக் குடியிருந்தவனுக்கெல்லாம் யாரும் தந்தி அடிப்பதில்லை. வீட்டுக்காரர்தான் பேப்பரில் பார்த்து, "பாவம், நல்ல பய" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். கொல்லைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். குடும்பத்துச் சாவுக்குத்தான் அப்படிச் செய்வாள். ஈரப் புடவையோடு வந்து, என்னையும் ஊற்றிக்கொள்ளச் சொன்னாள்.