தொகுதி எண் 4417

என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் ஸ்டோர் கிளார்க். சண்டை போட்டவர் இல்லை. எல்லைக்குப் போகிறவர்களுக்கு பூட்ஸ், பெல்ட், விஷப்புகை மாஸ்க் எடுத்துக் கொடுத்து ரிஜிஸ்டரில் எழுதினவர். தெருவில் அவருக்குப் பெயரே 'ரிஜிஸ்டர்'தான். வீட்டிலும் தீப்பெட்டி வாங்கினால் மூடியில் தேதி எழுதித்தான் வைப்பார். நல்லவேளை, என் முதுகில் எழுதவில்லை.

ரிட்டயர் ஆன மனுஷன் சும்மா இருக்கக் கூடாதா? நாவல் எழுத உட்கார்ந்துவிட்டார். அதுவும் வேற்றுக் கிரகத்தில் நடக்கிற பட்டாளக் கதை. அங்கே இரண்டு இனம். வெளிர்நிறத்தார் கண்ணாடிக் கூரைக்குள் உட்கார்ந்து ஆட்சி செய்கிறார்கள். மண்நிறத்தார் விஷக்காற்றில் முன்வரிசையில் நிற்கிறார்கள். பத்துப் போர் முடித்தால் மண்நிறத்தாருக்கு ஓட்டு உண்டு என்று சட்டம். பத்தாவது போருக்கு ஒருத்தரும் மிஞ்சுவதில்லை.

"ஏங்க, இது எந்தக் கிரகம்னு பச்சைக் குழந்தைகூடச் சொல்லிடும்" என்றேன்.

"கதைம்மா. வருஷம் இரண்டாயிரத்து நானூறுன்னு போட்டிருக்கேன்ல" என்றார், ஏதோ மதில் சுவர் எழுப்பிவிட்ட மாதிரி.

எங்கள் ஒரே மகன் அதே பட்டாளத்தில்தான் இருக்கிறான், எங்கள் நிறத்துப் பையன்களுக்கென்றே வைத்திருக்கும் பிரிவில். போன மாசம்தான் எல்லைக்கு அனுப்பினார்கள். பட்டாளத்தில் இருந்தவர் எதை அச்சிட்டாலும் முதலில் அனுமதி ஆபீசில் காட்ட வேண்டும். அங்கே ஒருத்தர் முகம் சுளித்தால் அடி என் பிள்ளை முதுகில்தான் விழும். அந்த நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை.

டைப் அடித்துக் கொடுத்தவளும் நான்தான். வக்கீல் ஆபீசில் பதினெட்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் 'இதில் வரும் யாவும் கற்பனையே' என்று அடித்தேன். ஏழாவது அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது.

கதையில் வரும் கிளார்க் ஒரு மாஸ்க்கை முகத்தில் மாட்டி, காற்று வரும் துளையை உள்ளங்கையால் அடைத்து, மூச்சை இழுக்கிறான். நல்ல மாஸ்க் என்றால் ரப்பர் கன்னத்தோடு ஒட்டும். அது ஒட்டவில்லை. இன்னொன்று, அதுவும் ஒட்டவில்லை. ஒரே லாட்டாக வந்த அத்தனைக்கும் சேர்த்து 'தொகுதி எண் 4417, எரிக்கவும்' என்று எழுதுகிறான்.

இது நடந்த சங்கதி. எங்கள் பையன்களின் பிரிவுக்கென்று வந்த பழைய மாஸ்க்குகளை அவர் அப்படித்தான் சோதித்து, எரிக்கச் சொல்லி எழுதி, மேலதிகாரியிடம் அனுப்பினார். எரித்திருப்பார்கள் என்று நம்பினார். கதையில் எல்லாப் பெயரையும் மாற்றின மனுஷன் எண்ணை மட்டும் அப்படியே விட்டிருந்தார்.

"நிஜ எண்ணைப் போடலாமா? அறிவிருக்கா உங்களுக்கு?"

"பொய் எண் எழுதி எனக்குப் பழக்கமில்லையே."

நான் பேசாமல் 1111 என்று அடித்தேன். தாளைக் கையில் வாங்கின நிமிஷமே கண்டுபிடித்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் சண்டை. "பிள்ளை அங்கே இருக்கான். உங்களுக்கு எண்ணுதான் பெரிசாப் போச்சா?" என்று கேட்டேன். மூன்றாம் நாள் காலையில், "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் துடைக்கப் போய்விட்டார். திங்கட்கிழமை அனுமதி ஆபீசில் கொடுப்பதாக முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகன் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டேன். புதன்கிழமை முன்வரிசைக்குப் போகிறார்களாம், அங்கே எதிரிகள் நச்சுப்புகை அடிக்கிறார்களாம். பிள்ளையைச் சிரிக்க வைப்பதாக நினைத்து இவர், "டேய், அப்பா எழுதின கதையைக் கேளு" என்று ஏழாவது அத்தியாயத்தை எடுத்தார். என் தாளை அல்ல, தன் கையெழுத்து நோட்டை. நான் சைகை காட்டக் காட்ட, எண்ணோடு படித்து முடித்தார்.

மகன் சிரிக்கவில்லை.

"அப்பா, அந்த நம்பரை இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"நாலு நாலு ஒண்ணு ஏழு."

"இருங்க, வர்றேன்." ஏதோ பெட்டி திறக்கும் சத்தம். "அதேதான்பா. என் மாஸ்க்ல தாடைப் பட்டைக்கு உள்பக்கம் அடிச்சிருக்கு. மேல புதுசா பெயின்ட் பூசியிருக்காங்க."

இவர் போன் பக்கம் குனிந்தார். குரல் ஸ்டோரில் பேசுகிற குரலாகவே வந்தது. "மாட்டுப்பா. துளையை உள்ளங்கையால அடை. இப்ப இழு."

இழுக்கிற சத்தம் போனில் கேட்டது. நானும் இங்கே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒட்டலப்பா."

"இன்னொரு தடவை இழு."

"ஒட்டவே இல்லப்பா. எனக்கு மட்டும் இல்ல, எங்க ஆளுங்க அத்தனை பேருக்கும் இதைத்தான் கொடுத்திருக்காங்க."

இவர் அப்போதே சட்டையை மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை எந்த ஆபீஸ் திறந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. "பத்து நிமிஷம் நில்லுங்க, தாளோட போங்க" என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. 1111ஐ அழித்து 4417 என்று அடித்தேன். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், கற்பனை என்று நான் போட்டிருந்த வரியை எடுத்துவிட்டேன்.